கப்ளர் பொருந்தினால் போதுமா? இன்ஜின் மாற்றமும் வயரிங் அடாப்டரும்

ஒரு காரில் வேறொரு காரின் இன்ஜினை ஏற்றும்போது கண்ணுக்குத் தெரிவது இரும்பு வேலைதான். மவுண்ட் எங்கே உட்காரும், ஆக்சில் நீளம் சரியாக வருமா, ரேடியேட்டர் குழாய் எங்காவது இடிக்குமா என்ற கேள்விகளுக்கு அளவுநாடாவும் வெல்டிங்கும் பதில் சொல்லிவிடும். வண்டியை மாதக்கணக்கில் பட்டறையிலேயே முடக்கிப்போடுவது அதற்கடுத்து வரும் வயரிங் வேலைதான். புது இன்ஜினில் தொங்கும் கப்ளர்களும் பழைய வண்டியிலிருந்து வரும் கப்ளர்களும் ஒன்றோடொன்று சேராது. எப்படியோ சேர்த்துவிட்டாலும் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பிடித்தாலும், வேகம் கூடும்போது வரவேண்டிய இழுவை வராது.

இந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் அடாப்டர் ஹார்னஸ். ஒரு பக்கம் வண்டியின் கப்ளர், மறுபக்கம் இன்ஜினின் அல்லது அதை இயக்கும் கணினியான ஈசியூவின் கப்ளர், நடுவே சில சாண் நீள வயர்கள். பார்ப்பதற்கு எளிய பொருள். ஆனால் அது தீர்ப்பது வடிவச் சிக்கலை மட்டுமே. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் மிக்சியை, முனை மாற்றும் சிறு பிளக் போட்டு நம் வீட்டு 230 வோல்ட் சாக்கெட்டில் செருக முடியும். செருகிய பிறகு என்ன ஆகும் என்பது பிளக்கின் பொறுப்பு இல்லை. ஆகவே ஒவ்வொரு வயருக்கும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதன் வழியே வருவது என்ன, அதை மறுமுனை என்னவாக எடுத்துக்கொள்ளும்?

இதைப் புரிந்துகொள்ள 1990-களின் ஹோண்டா சிவிக்கைவிட நல்ல பாடம் கிடைக்காது. உலகில் மிக அதிகமாக இன்ஜின் மாற்றப்பட்ட கார்களில் அது ஒன்று.

சிவிக்கும் இன்டெக்ராவும்

வேகம் கூடும்போது எண்ணெய் அழுத்தத்தால் வால்வுகளை அதிகம் திறக்கவைக்கும் ஹோண்டாவின் விடெக் நுட்பம் 1989-இல் ஜப்பானிய இன்டெக்ராவில் பி16ஏ இன்ஜினோடு அறிமுகமானது. 1.6 லிட்டர் கொள்ளளவில் 160 குதிரைத்திறன். டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 என்பது அன்றைய தெருக் கார்களுக்குப் பெரிய எண். அதே பி வரிசையில் பின்னர் வந்த 1.8 லிட்டர் பி18சி1, அமெரிக்க இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர் காரில் 170 குதிரைத்திறன் தந்தது. 1996 முதல் 2000 வரை அமெரிக்காவில் விற்ற சாதாரண சிவிக்கில் இருந்த டி16ஒய்7 இன்ஜினோ 106 குதிரைத்திறன்தான். இன்டெக்ராவும் சிவிக்கும் உறவுக்கார வண்டிகள். மவுண்டுகளை மாற்றினால் பி வரிசை இன்ஜின் சிவிக்கில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும்.

சிக்கல் ஆண்டில் இருக்கிறது. வண்டியின் கணினியே தன் கோளாறைக் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்ற விதியைக் கலிஃபோர்னியா 1988 மாடல் கார்களிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் விரிந்த இரண்டாம் தலைமுறையான ஓபிடி-2, 1996 முதல் அமெரிக்காவின் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. அந்த ஆண்டோடு ஹோண்டாவின் ஈசியூ கப்ளர்கள் மாறின. டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர் கப்ளர்களின் வடிவமும் மாறியது. சிவிக் பிரியர்கள் 1992–95 பாகங்களை ஓபிடி-1 என்றும் 1996–2000 பாகங்களை ஓபிடி-2 என்றும் பிரித்துப் பேசுவது இதனால்தான். 1997 சிவிக்கில் 1994 ஜிஎஸ்-ஆர் இன்ஜினை ஏற்றுகிறவர் இந்த எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறார்.

எந்த இடத்தில் இணைப்பது?

வண்டியின் வயரிங்கை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். முதலாவது, உடலோடு ஒட்டிய ஹார்னஸ்: விளக்கு, மீட்டர், ஃபியூஸ் பெட்டி. இரண்டாவது, இன்ஜினின் மேல் படர்ந்திருக்கும் ஹார்னஸ்: சென்சார்கள், இன்ஜெக்டர்கள், டிஸ்ட்ரிபியூட்டர். மூன்றாவது ஈசியூ. அடாப்டரை உடலுக்கும் இன்ஜின் ஹார்னஸுக்கும் நடுவே வைக்கலாம், ஹார்னஸுக்கும் சென்சாருக்கும் நடுவே வைக்கலாம், அல்லது ஹார்னஸுக்கும் ஈசியூவுக்கும் நடுவே வைக்கலாம்.

அனுபவசாலிகள் பின்பற்றும் வழி தெளிவானது. இன்ஜின் ஹார்னஸ் வண்டியுடையதாகவே இருக்கட்டும். உடலோடு சேரும் கப்ளர்கள் அப்போது தாமாகவே பொருந்தும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றை அந்த ஹார்னஸின் தலைமுறைக்கு ஏற்றதாக இன்ஜினில் மாற்றிவிட வேண்டும். ஈசியூ வேறு தலைமுறை என்றால் அங்கே மட்டும் ஓர் அடாப்டர். இப்படிச் செய்தால் இன்ஜின் அறையின் சூட்டிலும் ஈரத்திலும் கூடுதல் இணைப்புகள் குறையும். அடாப்டர் காருக்குள்ளே, காய்ந்த இடத்தில், ஈசியூவின் பக்கத்தில் இருக்கும்.

ஓபிடி-1 ஈசியூவில் ஏ, பி, டி என்று மூன்று கப்ளர்கள். முறையே 26, 16, 22 முனைகள். ஏ கப்ளரில் பெரும்பாலும் ஈசியூ இயக்கும் கருவிகள்: இன்ஜெக்டர், விடெக் சாலினாய்டு (எண்ணெய் வழியைத் திறக்கும் மின்வால்வு), ஃபியூயல் பம்ப் ரிலே. பி கப்ளரின் கடைசி ஆறு முனைகள் டிஸ்ட்ரிபியூட்டரின் மூன்று சென்சார்களுக்கு. டி கப்ளரில் த்ராட்டில், வெப்பம், காற்றழுத்தம் போன்ற நுண்ணிய சமிக்ஞைகள். இந்த வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த வயரில் என்ன ஆபத்து என்பது விளங்கத் தொடங்கும்.

இன்ஜெக்டர்: ஓம் விதி சொல்லும் எச்சரிக்கை

இன்ஜெக்டர் என்பது காந்தச் சுருளால் திறந்து மூடும் சிறிய பெட்ரோல் வால்வு. அந்தக் காலத்து ஹோண்டா இரட்டைக் கேம்ஷாஃப்ட் இன்ஜின்கள் பலவற்றில் சுமார் 2 ஓம் மின்தடை கொண்ட இன்ஜெக்டர்கள் இருந்தன. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த, வண்டியின் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் பெட்டியும் இருந்தது. ஒவ்வோர் இன்ஜெக்டரோடும் சுமார் 6 ஓம் தொடராகச் சேரும். 14 வோல்ட்டை மொத்தம் 8 ஓமால் வகுத்தால் 1.75 ஆம்பியர். 1996-க்குப் பிந்தைய சிவிக்கில் சுமார் 12 ஓம் இன்ஜெக்டர்கள். ரெசிஸ்டர் பெட்டி கிடையாது. அங்கே மின்னோட்டம் 1.2 ஆம்பியர் அளவில் நிற்கும்.

2 ஓம் இன்ஜெக்டரை ஒரு கப்ளர் அடாப்டர் போட்டு 1996 ஹார்னஸில் செருகினால் என்ன ஆகும்? நடுவில் ரெசிஸ்டர் இல்லை. மின்னோட்டம் 7 ஆம்பியரை நோக்கி ஏறும். ஈசியூவுக்குள் அந்தச் சுருளை எர்த்தோடு இணைத்துப் பிரிக்கும் டிரான்சிஸ்டர் இதைத் தாங்கும்படி அமைக்கப்படவில்லை. சில நிமிடங்கள் நன்றாக ஓடிவிட்டு ஒரு சிலிண்டர் இறந்துபோகும். ஈசியூவைத் திறந்தால் கருகிய டிரான்சிஸ்டர் இருக்கும்.

தலைகீழாகச் செய்தாலும் தவறுதான். 12 ஓம் இன்ஜெக்டரை ரெசிஸ்டர் பெட்டியோடு இணைத்தால் மொத்தம் 18 ஓம், மின்னோட்டம் 0.8 ஆம்பியருக்கும் கீழே. எதுவும் கருகாது. ஆனால் சுருளில் காந்தப்புலம் மெதுவாக எழும்பும், வால்வு தாமதமாகத் திறக்கும், பெட்ரோல் குறையும். இன்ஜின் நடுக்கத்தோடு ஓடும். இரண்டு நிலைகளிலும் கப்ளர் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விடெக்: எந்தப் பக்கம் சுவிட்ச்?

டி16ஒய்7 இன்ஜினில் விடெக் இல்லை. அதன் ஹார்னஸிலும் விடெக் சாலினாய்டுக்கும், எண்ணெய் அழுத்தச் சுவிட்சுக்கும், நாக் சென்சாருக்கும் வயர் இல்லை. இவற்றைப் புதிதாக இழுக்க வேண்டும். ஓபிடி-1 ஈசியூவில் சாலினாய்டு ஏ4, அழுத்தச் சுவிட்ச் டி6, நாக் சென்சார் டி3.

இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் எப்போதும் இருக்கும். ஈசியூ எர்த்தைக் கொடுத்துத் திறக்கும். விடெக் சாலினாய்டு நேர்மாறு. அதன் எர்த் இன்ஜின் உலோகத்திலேயே இருக்கிறது. ஈசியூ 12 வோல்ட்டைக் கொடுத்துத் திறக்கும். எல்லாக் கருவிக்கும் ஒரே வழக்கம் என்று எண்ணி சாலினாய்டுக்கு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துவிட்டால், விடெக் எந்நேரமும் திறக்க முயலும்.

அழுத்தச் சுவிட்ச் ஈசியூவுக்குச் சாட்சி சொல்லும் கருவி. சாதாரண ஓட்டத்தில் அது எர்த்தோடு மூடியிருக்கும். சாலினாய்டு திறந்து எண்ணெய் பாய்ந்ததும் சுவிட்ச் விலகும். அந்த முனையில் மின்னழுத்தம் எழும். ஏ4-க்கு ஆணை போன பிறகும் டி6-இல் மாற்றம் வரவில்லை என்றால், எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று ஈசியூ முடிவு செய்து விடெக்கை நிறுத்திவிடும். செக் இன்ஜின் விளக்கு 22 என்ற எண்ணைக் கண்சிமிட்டிக் காட்டும். வேகம் கூடியும் இழுவை வராத வண்டிகள் பலவற்றில் காரணம் இந்த ஒரு வயர்.

பல்லும் காந்தமும்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மூன்று பற்சக்கரங்கள். 24, 4, 1 என்று பற்கள். கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது கிராங்க்ஷாஃப்ட் இரு சுற்று சுற்றுவதால், 24 பல் சக்கரம் கிராங்க்கின் ஒவ்வொரு 30 பாகைக்கும் ஒரு துடிப்பு தருகிறது. பல் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அது வேகத்தைப் பொறுத்தது. செல்ஃப் சுற்றும் 200 சுற்றிலிருந்து 8,000 சுற்றுக்குப் போகும்போது மாற்றம் 40 மடங்கு விரைவாக நடக்கிறது. அதனால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான் இந்தச் சமிக்ஞை மிக மெலிந்திருக்கும்; எளிதில் இரைச்சலில் மூழ்கும்.

இந்தச் சென்சார்களுக்கு இரண்டு வயர்கள். எது பிளஸ், எது மைனஸ் என்பது முக்கியம். சரியாக இணைத்தால் பல்லின் நடு சென்சாரைக் கடக்கும் கணத்தில் மின்னழுத்தம் ஓர் உச்சத்திலிருந்து எதிர் உச்சத்துக்குச் செங்குத்தாகப் பாயும். பூஜ்ஜியத்தைக் கடக்கும் அந்தக் கூரிய நொடியே ஈசியூவின் கடிகாரம். இரண்டு வயர்களையும் மாற்றிவிட்டால், ஈசியூ எதிர்பார்க்கும் திசையில் நடக்கும் கடப்பு பற்களுக்கு இடையே, மந்தமாக, நிச்சயமில்லாமல் நிகழும். 8,000 சுற்றில் கிராங்க்கின் 1 பாகை சுமார் 21 மைக்ரோ நொடிதான். நூறு மைக்ரோ நொடி பிசகினால் இக்னிஷன் டைமிங் ஏறக்குறைய 5 பாகை நகர்ந்துவிடும். மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் இரண்டு இணைப்பும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க டைமிங் லைட்டோ ஆசிலாஸ்கோப்போ தேவை.

அடாப்டரில் இந்த ஜோடி வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, கவச உறையோடு கொண்டுசெல்ல வேண்டும். கவசத்தை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் கவசமே மின்னோட்டம் பாயும் வழியாகிவிடும்.

எர்த்தும் ஓசையும்

த்ராட்டில் சென்சாரும் காற்றழுத்தச் சென்சாரும் 5 வோல்ட்டை வாங்கி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருபவை. நூறு கிலோபாஸ்கல் அழுத்தத்தை 4 வோல்ட் வீச்சில் சொல்லும் சென்சாரில் 0.1 வோல்ட் பிசகு 2.5 கிலோபாஸ்கல் பிசகு. ஐட்லிங்கில் மேனிஃபோல்டு அழுத்தம் 30 அளவில் இருப்பதால் அது எட்டு சதவீதத் தவறு. ஆகவேதான் ஈசியூவில் சென்சார் எர்த்துக்கும் பவர் எர்த்துக்கும் தனித்தனி முனைகள். வயர் மிச்சமாகட்டும் என்று இவற்றை அடாப்டரில் ஒன்றாக்கினால், இன்ஜெக்டரின் மின்னோட்டம் சென்சாரின் எர்த் வழியே போய் அதன் பூஜ்ஜியத்தையே தூக்கிவிடும்.

சிவிக்கில் இன்ஜின் ஹார்னஸின் முக்கிய எர்த், தெர்மோஸ்டாட் உறையில் ஒரு போல்ட்டில் மாட்டப்படுகிறது. இன்ஜினை மாற்றும் அவசரத்தில் அந்த ஒரு போல்ட் விடுபட்டாலோ, அதன் அடியில் பெயின்ட் இருந்தாலோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறு எண்கள் ஒரே நேரத்தில் வரும். பல சென்சார்கள் சேர்ந்து கெட்டதாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த்.

நாக் சென்சார் வேறொரு பாடம் சொல்கிறது. பெட்ரோல் கலவை தானாக வெடித்தால் சிலிண்டருக்குள் எழும் ஓசையின் அலைவெண், சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது. 81 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி வரிசையில் அது சுமார் 7 கிலோஹெர்ட்ஸ். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள டி16-இல் சுமார் 7.6. ஓர் இன்ஜினுக்காகச் செய்த சென்சாரையும் ஈசியூவையும் இன்னோர் இன்ஜினில் மாட்டினால், அவை தவறான சுருதிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். எந்த வயராலும் இதைச் சரிசெய்ய முடியாது. இன்ஜினுக்கு உரிய சென்சாரும், அதற்கு உரிய நிரல் கொண்ட ஈசியூவும் சேர்ந்தே வர வேண்டும்.

வயரிலிருந்து செய்திக்கு

2001-இல் வந்த கே வரிசை இன்ஜின்களை இதே பழைய சிவிக்கில் ஏற்றுவது இன்று பரவலான பழக்கம். அங்கே டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மேலும் ஒரு காயில். பழைய மீட்டரின் சுற்று முள்ளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் தந்த துடிப்பை இப்போது ஈசியூ தர வேண்டும். கியர்பாக்ஸின் வேகத் துடிப்புகள் பழைய ஸ்பீடோமீட்டரின் கணக்கோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது துடிப்பை எண்ணி மாற்றித் தரும் சிறு மின்னணுப் பெட்டி தேவைப்படும். சாவியின் அடையாளத்தைக் கேட்கும் இம்மொபிலைசர் வேறு உண்டு. ஹோண்டேட்டா போன்ற நிறுவனங்கள் மறுநிரல் செய்யும் ஈசியூ பலகைகளையும், ஹைப்ரிட் ரேசிங், ரைவயர் போன்றவை கே வரிசைக்கான ஹார்னஸ்களையும் விற்பது இந்தத் தேவையால்தான்.

2006-இன் சிவிக் எஸ்ஐ காரின் கே20இசட்3 இன்ஜினுக்கு வந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. அங்கே ஈசியூவும் மீட்டரும் கேன் வலைப்பின்னலில் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் டெட்ராய்ட்டில் அறிமுகம் செய்த இந்த முறையில் இரண்டு முறுக்கிய வயர்கள்தான். சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட், செய்தி போகும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். அணைத்துவைத்த வண்டியில் இரண்டு வயர்களுக்கும் இடையே 60 ஓம் வந்தால் அமைப்பு சரி. இன்ஜின் வேகம் என்பது இப்போது தனி வயர் இல்லை. ஓர் அடையாள எண்ணோடு வரும் செய்தியின் சில பைட்டுகள். இங்கே அடாப்டர் என்பது வெறும் செம்பாக இருக்க முடியாது. ஒரு பக்கத்துச் செய்தியைப் படித்து மறுபக்கம் புரியும் வடிவில் எழுதும் நுண்கணினி அதற்குள் இருக்க வேண்டும்.

செய்யும்போதும் வாங்கும்போதும்

நல்ல அடாப்டர் ஒரு தாளில் தொடங்குகிறது. இரு வண்டிகளின் சர்வீஸ் மேனுவல்களையும் திறந்து, ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: பெயர், வண்டிப் பக்க முனை, இன்ஜின் பக்க முனை, சமிக்ஞையின் வகை, அதிகபட்ச மின்னோட்டம், யார் இயக்குகிறார். வயரின் நிறம் சரிபார்க்க உதவும். அதை மட்டும் நம்பி இணைக்கக் கூடாது. கடையில் வாங்கினாலும் இந்தத் தாளோடு ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்த பிறகே ஈசியூவைச் செருக வேண்டும்.

வயரின் நீளம் பெரிய கவலை இல்லை. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.023 ஓம், முப்பது சென்டிமீட்டர் அடாப்டரில் 10 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. கவலைப்பட வேண்டியது முனைகளைப் பற்றி. துருவேறி 0.1 ஓமாகிவிட்ட ஒரு முனை அதே 10 ஆம்பியரில் 1 வோல்ட்டைத் தின்றுவிடும். அந்த 10 வாட் வெப்பம் கப்ளரின் பிளாஸ்டிக்கை உருக்கும். ஒவ்வோர் அடாப்டரும் ஒவ்வொரு வயரிலும் கூடுதல் முனைகளைச் சேர்க்கிறது என்பதால் முனையின் தரமே அடாப்டரின் தரம்.

ஆகவே முனைகளை அதற்குரிய கருவியால் கிரிம்ப் செய்ய வேண்டும். சரியான அழுத்தத்தில் செம்பு இழைகளும் உலோகமும் காற்று புகாதபடி ஒன்றாக இறுகிவிடும். ஹார்னஸ் தயாரிப்புக்கான ஐபிசி/டபிள்யூஎச்எம்ஏ-ஏ-620 தரவிதிகள் இதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. சால்டர் ஊற்றினால் அது இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும். விறைப்பு முடியும் இடத்தில் இன்ஜின் அதிர்வு வயரை ஒடிக்கும்.

சட்டத்தையும் இங்கே மறக்கக் கூடாது. 1996-க்குப் பிந்தைய காரில் ஓபிடி-1 ஈசியூவை மாட்டினால் புகைச் சோதனை நிலையத்தின் கருவியோடு அந்தக் கார் பேசாது. கலிஃபோர்னியாவில் மாற்றும் இன்ஜின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்குரிய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுமையாக இருக்க வேண்டும். தனி அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அங்கே பதிவான காருக்கு அந்த விதிக்கு உட்பட்ட இன்ஜினை எடுத்து, ஓபிடி-2 ஈசியூவையே வைத்துக்கொண்டு, அது கேட்கும் கிராங்க் அதிர்வுச் சென்சாரும் இரண்டாம் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே நேர்வழி. எந்த அடாப்டர் வேண்டும் என்ற முடிவு, வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்ஜின் மாற்றம் வெறும் வேகப் பைத்தியம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அது ஒரு சாமானியர் தன் கைகளால் எட்டக்கூடிய உயர்ந்த மின்னியல் பள்ளி. ஓம் விதியும், காந்தத் தூண்டலும், அலைவெண்ணும், வலைப்பின்னலும் ஒரே பானட்டுக்குள் கிடைக்கின்றன. தவறினால் உடனே தெரிகிறது, சரியானால் இன்ஜின் பிடிக்கிறது. அந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்று, முனைக்கு முனை எழுதிய அந்தத் தாள்தான். அதன் ஒரு படியை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். நாளை அந்த வண்டியை வாங்குகிறவரும் பழுது பார்க்கிறவரும் ஒவ்வொரு வயரையும் மறுபடி அறுத்துத் தேட வேண்டியிருக்காது.